14000 வரிசையில் ஒரு பெண்: பெஸ்ஸி ஸ்மித்

கொலம்பியா என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி 1920-களில் தன் தட்டுகளுக்கு எண் போட்ட விதத்தைப் பார்த்தால் நமக்கு ஊரும் சேரியும் நினைவுக்கு வரும். 14000-இல் தொடங்கும் வரிசை கறுப்பினப் பாடகர்களுக்கு. 15000-இல் தொடங்கும் வரிசை தென்மாநிலங்களின் நாட்டுப்புற வெள்ளையர்களுக்கு. இரண்டையும் பதிவு செய்தது ஒரே கம்பெனி. பல நேரம் ஒரே ஊரில், அதே இயந்திரத்தை வைத்துத்தான் இரு தரப்பையும் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். தட்டில் ஒட்டிய எண்தான் வேறு. கடைக்காரரின் கைக்குப் போன விலைப்பட்டியலும் வேறு.

இந்த எண்களை வைத்துக்கொண்டு இசை ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மக்கள் இசையைக் கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்று பிரித்துப் படிப்பதில் பயன் உண்டா? இல்லை, வியாபாரி போட்ட வேலிக்கு ஆய்வாளரும் காவல் நிற்பதாக ஆகிவிடுமா? பறையைப் பற்றி ஆய்வேடு எழுதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே குழப்பம் வருகிறது. ஆதலால் அந்த 14000 வரிசையில் மற்ற யாரையும்விட அதிகம் விற்ற பெண்ணின் வாழ்க்கையை இந்த வாரம் பார்ப்போம்.

பெஸ்ஸி ஸ்மித் பிறந்தது டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில். 1894 ஏப்ரல் 15 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தேதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்று 1892 என்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த தேதி எந்த நாட்டிலும் இப்படித்தான் இருக்கும்போல. அப்பா கூலித் தொழிலாளி. ஓய்வு நேரத்தில் பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர். பெஸ்ஸிக்கு விவரம் தெரியும் முன்பே அவர் இறந்துவிட்டார். பத்து வயது ஆவதற்குள் அம்மாவும் போய்விட்டார். அக்கா வயோலாதான் துணி துவைத்துக் கொடுத்துத் தம்பி தங்கைகளைக் காப்பாற்றினார்.

சட்டனூகாவின் தெருமுனைகளில் அண்ணன் ஆண்ட்ரூ கிட்டார் வாசிக்க, சிறுமி பெஸ்ஸி பாடி ஆடினார். விழும் சில்லறையில் அன்றைய சாப்பாடு. இன்னொரு அண்ணன் கிளாரன்ஸ் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தார். 1912-இல் அந்தக் குழு சட்டனூகாவுக்கு வந்தபோது தங்கைக்கும் ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். ஆனால் பாடகியாக அல்ல, ஆட்டக்காரியாக. பாடுவதற்கு அந்தக் குழுவில் மா ரெய்னி என்ற பெரும் பாடகி ஏற்கெனவே இருந்தார். ரெய்னிதான் பெஸ்ஸிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்வது வழக்கம். மேடையில் எப்படி நிற்பது, கூட்டத்தை எப்படிக் கட்டிப்போடுவது என்பதை அவரிடம் கற்றிருப்பார். குரலோ சட்டனூகா தெருவிலேயே வந்துவிட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். மைக் இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் அது.

அடுத்த பத்தாண்டுகள் கூடாரங்களிலும் கறுப்பர்களுக்கான கொட்டகைகளிலும் கழிந்தன. அட்லாண்டா நகரத்துக் கொட்டகை ஒன்று அவருக்குத் தாய்வீடு மாதிரி ஆனது. தென்மாநிலங்கள் முழுக்கப் பேர் பரவியது. ஆனால் குரலைத் தட்டில் பிடிக்க எந்தக் கம்பெனியும் வரவில்லை. கறுப்பர்கள் தட்டு வாங்கமாட்டார்கள் என்று கம்பெனிகள் நினைத்திருந்தன.

அந்த நினைப்பை உடைத்தவர் இன்னொரு ஸ்மித். பெஸ்ஸிக்கு உறவில்லாத மேமி ஸ்மித் 1920 ஆகஸ்டில் ஓகே என்ற பெயர் கொண்ட கம்பெனிக்காக ஒரு ப்ளூஸ் பாட்டைப் பதிவு செய்தார். தட்டு பல்லாயிரக்கணக்கில் விற்றது. ரயிலில் படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் தட்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கி, தென்மாநிலங்களுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். வயிற்றைக் கட்டி, கிராமபோன் பெட்டியைத் தவணையில் வாங்கி வைத்திருந்த மக்களுக்கு, தங்கள் குரல் அதிலிருந்து வருவது புதுமை.

கம்பெனிகள் விழித்துக்கொண்டன. கறுப்பர்களுக்காகத் தனி வரிசை தொடங்கின. அதற்கு இனத் தட்டுகள் என்று பெயர் வைத்தார்கள். இன்று கேட்டால் அது வசவுபோலத் தோன்றும். அன்றைக்கு அப்படி மட்டும் இல்லை. கறுப்பர்களே நடத்திய பத்திரிகைகளில் இனம் என்ற சொல் பெருமையோடு வழங்கியது. சமுதாயத்துக்காக உழைத்தவரை இனத்து மனிதர் என்று கொண்டாடினார்கள். வியாபாரி அந்தப் பெருமைச் சொல்லை எடுத்துத் தன் அலமாரிக்குப் பெயர்ப் பலகையாக மாட்டினார். ஒரு சொல் யார் வாயில் எப்படி மாறுகிறது என்று பார்க்க நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. இருந்தாலும் இதையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1921-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஹாரி பேஸ் என்பவர் ப்ளாக் ஸ்வான், அதாவது கறுப்பு அன்னம், என்ற இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். கறுப்பரின் முதலீட்டில் கறுப்பருக்காக நடந்த கம்பெனி. அதன் இயக்குநர் குழுவில் அறிஞர் டூபாய்ஸ் இருந்தார். 1946-இல் நம் அண்ணல் அம்பேத்கர், ஐக்கிய நாடுகள் அவையில் நீதி கேட்பது பற்றிக் கடிதம் எழுதினாரே, அதே டூபாய்ஸ்தான். அந்தக் கம்பெனி பெஸ்ஸியைப் பாட வைத்துக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. குரல் கரடுமுரடு, நாகரிகம் போதாது என்று அவர்களுக்குப் பட்டது. வெள்ளையர் முன்னால் தலைநிமிர்ந்து காட்ட, பண்பட்டதாகத் தெரியும் குரலைத் தேடினார்கள். அவர்கள் தேடியதன் நியாயம் புரிகிறது. ஆனால் தெருவில் பாடி வளர்ந்த பெண்ணுக்குத் தன் இனத்தின் வாசலிலும் இடம் கிடைக்கவில்லை. கறுப்பர் இசை என்று ஒரே பெயரில் சொல்லும்போது அதற்குள் இருக்கும் மேடு பள்ளம் மறைந்துபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தெரியாது.

1923 பிப்ரவரியில் கொலம்பியா அவரை எடுத்துக்கொண்டது. அல்பெர்ட்டா ஹன்டரும் லவி ஆஸ்டினும் சேர்ந்து எழுதிய டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ் அவருடைய முதல் தட்டு. எழுதிய இருவரும் கறுப்பினப் பெண்கள். ஆறே மாதத்தில் ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றதாகக் கணக்குச் சொல்வார்கள்.

காசு எங்கே போனது? தொடக்கத்தில் பியானோ வாசித்த கிளாரன்ஸ் வில்லியம்ஸ் இடையில் நின்று ஒப்பந்தம் போட்டு, பாதியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அவரும் கறுப்பர்தான். பெஸ்ஸியும் கணவர் ஜாக் கீயும் நேரில் போய்ச் சட்டையைப் பிடித்து அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார்கள். பிறகு கொலம்பியாவின் ஃபிராங்க் வாக்கர் பெஸ்ஸியுடன் நேரடி ஒப்பந்தம் போட்டார். பயன்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் 125 டாலர். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் விற்கும் தட்டுக்கு இவ்வளவு என்று பாடகருக்குத் தரும் ராயல்டி பற்றிய விதி அந்த ஒப்பந்தத்தில் அடிக்கப்பட்டிருந்தது. ஒரு லட்சம் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் அதே 125 டாலர்தான். வாழ்நாளில் அவர் பதிவு செய்த 160 பாட்டுகளில் எதற்கும் ராயல்டி வந்ததில்லை. வாக்கர் தன்னிடம் நன்றாக நடந்துகொள்கிறார் என்றே பெஸ்ஸி கடைசிவரை நம்பியிருந்தார். நல்ல முதலாளி என்ற பெயர் எடுப்பது அவ்வளவு கடினமில்லை.

1923 கடைசியில் 14000 வரிசை தொடங்கியது. பெஸ்ஸி அதன் அரசி. 1925 ஜனவரியில் இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் ஊதுகொம்பு வாசிக்க, டபிள்யூ.சி. ஹேண்டி எழுதிய செயின்ட் லூயிஸ் ப்ளூஸைப் பாடினார். அந்தத் தட்டு கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அவர் ஒரு அடியைப் பாடி நிறுத்துவார். கொம்பு பதில் சொல்லும். வயலில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டின் மொழி புரியாவிட்டாலும் அதன் நடை புரியும்.

அந்த நாட்களில் மேடையில் பாட வாரத்துக்கு 2,000 டாலர் வரை வாங்கினார் என்பார்கள். கறுப்பினக் கலைஞர்களில் அவ்வளவு வாங்கியவர் வேறு இல்லை. ஆனாலும் தென்மாநிலங்களில் தங்க விடுதி கிடையாது. வெள்ளையர் சாப்பிடும் இடத்தில் உட்கார முடியாது. எனவே 1925-இல் 78 அடி நீள ரயில் பெட்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். மஞ்சள் வண்ணம் பூசிய பெட்டி. சமையலறை உண்டு, படுக்கை உண்டு. கூடாரத் துணியும் குழுவினர் அத்தனை பேரும் அதிலேயே பயணம் செய்தார்கள். பணக்காரரின் ஆடம்பரம் என்று அதை எழுதியவர்கள் உண்டு. யாரிடமும் படுக்க இடம் கேட்டு நிற்க வேண்டாம் என்பதற்காக வாங்கிய பெட்டி என்றுதான் நாம் எழுதுவோம்.

1927 ஜூலையில் வட கரோலினாவின் கான்கார்டு ஊரில், வெள்ளை அங்கி போட்ட கு க்ளக்ஸ் கிளான் கும்பல் அவருடைய கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க வந்தது. பெஸ்ஸி இடுப்பில் கை வைத்து அவர்கள் முன் நின்று, வாய்க்கு வந்தபடி திட்டித் துரத்திவிட்டு, உள்ளே போய்ப் பாட்டைத் தொடர்ந்தார். குழுவில் கூடவே இருந்த உறவுக்காரப் பெண் பின்னாளில் சொல்லி, அவருடைய வரலாற்றில் பதிவான சம்பவம் இது.

அதே ஆண்டு பிப்ரவரியில் பேக் வாட்டர் ப்ளூஸ் என்ற வெள்ளப் பாட்டைப் பதிவு செய்தார். எழுதியவரும் அவரே. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நாஷ்வில் நகரைக் கம்பர்லண்ட் ஆறு மூழ்கடித்ததைப் பற்றிய பாட்டு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தட்டு விற்பனைக்கு வந்த சில வாரங்களில், ஏப்ரலில், மிசிசிப்பி ஆற்றின் கரைகள் உடைந்தன. தாழ்நிலத்தில் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்த கறுப்பர்களின் வீடுகள் போயின. கிரீன்வில் என்ற ஊரில், கூலியாட்கள் வேறு ஊருக்குப் போய்விடக் கூடாதென்று அவர்களைக் கரைமேல் முகாம் போட்டு, துப்பாக்கிக் காவலில் வேலை வாங்கினார்கள். அந்த மக்கள் பெஸ்ஸியின் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். தாழ்நிலத்தில் யார் குடியிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் அந்தப் பாட்டை விளக்கினால் அது வெறும் மழைப் பாட்டு. இனம் என்ற வகை இல்லாமல் அந்த ஆண்டின் விற்பனை ஏட்டையும் படிக்க முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 1927-இலேயே நடந்தது அது. ஆஸ்டின் ஆலன், லீ ஆலன் என்று இரண்டு வெள்ளைக்காரச் சகோதரர்கள். அவர்களும் டென்னசிக்காரர்கள், சட்டனூகா பையன்கள் என்றே விளம்பரப்படுத்தப்பட்டவர்கள். அதாவது பெஸ்ஸியின் வட்டாரத்துக்காரர்கள். அவர்கள் பாடிய ப்ளூஸ் பாட்டைக் கேட்ட கொலம்பியா, அதை 14000 வரிசையில் போட்டு வெளியிட்டுவிட்டது. கம்பெனியின் காதுக்கு அது கறுப்பர் பாட்டு. சகோதரர்கள் கொதித்தார்கள். தங்களைக் கறுப்பர் என்று நினைத்துவிட்டால் கொட்டகைக்காரர்கள் மேடை தரமாட்டார்கள் என்று பயந்தார்கள். 2,50,000 டாலர் நஷ்டஈடு கேட்டுக் கிளம்பினார்கள். பிறகு அதை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தச் சின்னச் சம்பவத்தை நாம் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறோம். இசையே இனத்தைக் காட்டிக்கொடுக்கும் என்றால், அந்தத் தொழிலிலேயே ஊறிய கம்பெனிக்காரர்கள் எப்படி ஏமாந்தார்கள்? ஒரே வட்டாரத்தில் பிறந்தவர்கள் ஒரே இசையைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்; தெருவுக்கு நடுவே கோடு போட்டாலும் காற்றில் வரும் பாட்டுக்கு வரி கட்ட முடியவில்லை. பெஸ்ஸியின் பாட்டை அட்லாண்டா, மெம்பிஸ் வானொலி நிலையங்கள் வெள்ளையர் வீடுகளுக்கும் கொண்டுபோயின. அவர்களுக்கென்றே தனியாக அவர் பாடிய இரவுகளும் உண்டு. 1930-இல் வெள்ளையர் நாட்டுப்பாட்டின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடிய ஒரு தட்டில் ஆம்ஸ்ட்ராங் ஊதுகொம்பு வாசித்தார். தட்டின் ஒட்டுத்தாளில் அவர் பெயர் இல்லை. ஆக, ஒரு ராகம் எங்கே வளைகிறது, தாளம் எங்கே தள்ளி விழுகிறது என்று ஆராயும் மாணவருக்கு 14000, 15000 என்ற எண்கள் வழிகாட்டா. வழி மறிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்தச் சகோதரர்கள் ஏன் கொதித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காதால் பிரிக்க முடியாத ஒன்றுக்கு இரண்டரை லட்சம் டாலர் மானம் போய்விட்டது என்கிறார்களே, அந்த மானக்கேடு எங்கே இருந்து வந்தது? ராயல்டி அடிக்கப்பட்ட ஒப்பந்தம், ரயில் பெட்டியில் படுக்கை, பெயர் இல்லாத ஒட்டுத்தாள் எல்லாம் அதே இடத்திலிருந்து வந்தவைதான். அதைப் படிக்க வேண்டுமானால் இனம் என்ற வகையை ஆய்வாளர் கையில் வைத்திருக்கத்தான் வேண்டும். இசைக்கு நிறமில்லை என்று சொல்லி அந்த ஏட்டை மூடிவிடும் பெரியவர்களிடம் நமக்குச் சந்தேகம் உண்டு. நிறமில்லாத இசையில் யார் வீட்டுக்குப் பணம் போனது என்ற கணக்கும் சேர்ந்து மூடிக்கொள்கிறது.

பெஸ்ஸியின் கதைக்கு வருவோம். 1929-இல் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் என்ற குறும்படத்தில் நடித்தார். அவருடைய அசையும் உருவம் நமக்கு அதில் மட்டும்தான் கிடைக்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. பேசும் படம் வந்து மேடை நிகழ்ச்சிகளைத் தின்றது. தட்டு வாங்கியவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். 1931-இல் கொலம்பியா அவரை விட்டுவிட்டது. 1933 நவம்பரில் ஜான் ஹாமண்ட் என்ற இளைஞர் தேடிவந்து நான்கு பாட்டுகள் பதிவு செய்தார். பாட்டுக்கு 37 டாலர் 50 சென்ட். பத்து ஆண்டுக்கு முன் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதன்பின் அவர் பதிவு அறைக்குள் போகவில்லை. மேடையை விடவும் இல்லை. புதுக்காலத்து ஸ்விங் பாட்டுகளைப் பாடி மறுபடி எழுந்துகொண்டிருந்தார்.

1937 செப்டம்பர் 26 விடியும் முன்னே, மெம்பிஸிலிருந்து மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் நோக்கி 61-ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்த அவருடைய கார் ஒரு லாரியின் பின்னால் மோதியது. வலது கை ஏறக்குறைய துண்டாகிவிட்டது. அந்த வழியே வந்த வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் இறங்கி முதலுதவி செய்தார். கிளார்க்ஸ்டேலில் கறுப்பர்களுக்கான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கையை எடுத்தார்கள். பகலுக்குள் உயிர் போய்விட்டது.

வெள்ளையர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கறுப்பர் என்று சேர்க்க மறுத்தார்கள், வாசலிலேயே ரத்தம் வடிந்து செத்தார் என்ற கதையை நம்மில் பலர் படித்திருப்போம். அடுத்த மாதங்களில் ஹாமண்ட் ஒரு இசைப் பத்திரிகையில் கேள்விப்பட்டதாக எழுதியது அது. பின்னர் எட்வர்ட் ஆல்பி அதை நாடகமாக்கினார். உலகம் நம்பிவிட்டது. பல்லாண்டு கழித்து அந்த மருத்துவரையே கண்டு விசாரித்தபோது, அப்படி நடக்கவில்லை என்று தெரிந்தது. வெள்ளையர் ஆஸ்பத்திரி வாசலுக்கு அவர் கொண்டுபோகப்படவே இல்லை. அந்த ஊரில் இரண்டு ஆஸ்பத்திரிகளும் ஒரு மைலுக்குள்தான் இருந்தன. கறுப்பினப் பெண்ணை ஏற்றிய வண்டிக்காரர் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மறுப்பதற்கு அங்கே ஒரு ஆளும் தேவைப்படவில்லை.

கட்டுக்கதையைக் கைவிட நம் ஆட்களுக்கே மனம் வராது என்பது தெரியும். மேடையில் சொன்னால் கூட்டம் உறைந்துபோகும் கதை. ஆனால் மாணவர்கள் எழுதும்போது நடந்ததையே எழுதுங்கள். வாசலில் மறுத்த ஒரு கொடியவனைத் தேடினால் அன்றிரவுக்கு மட்டும் குற்றவாளி கிடைப்பான். வண்டி தானாகத் திரும்பிய பாதையைப் பார்த்தால் அந்த ஊர் முழுதும் தெரியும்.

பிலடெல்பியாவில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு 7,000 பேர் வந்தார்கள். ஊருக்கு வெளியே மவுண்ட் லான் கல்லறையில் புதைத்தார்கள். தலைமாட்டில் கல் நடப்படவில்லை. அவர் தட்டுகளைக் கொலம்பியா மறுபடி மறுபடி வெளியிட்டு விற்றது. புல் மூடிய இடம் அப்படியே கிடந்தது. அந்த வரிசையின் பெயர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. பில்போர்டு என்ற வணிக இதழ் 1949-இல் இனத் தட்டுகள் என்ற தலைப்பை எடுத்துவிட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று போட்டது. அலமாரி மாறவில்லை.

33 ஆண்டுகள் கழித்து, 1970 ஆகஸ்டில் கல்லறைக்குக் கல் வந்தது. செலவைப் பகிர்ந்துகொண்டவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் ஜானிஸ் ஜாப்ளின். பெஸ்ஸியின் தட்டுகளைக் கேட்டுப் பாடக் கற்ற வெள்ளைக்காரப் பாடகி. மற்றவர் ஜுவனிடா கிரீன். சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வீட்டு வேலை செய்தவர்.